மஞ்சள் பொட்டு வைத்த திரை

என் தம்பி ரோவுன் இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கி இன்றோடு ஒன்பது நாள்.

வந்த அன்று, "டீமை விட்டு அனுப்பிட்டாங்க" என்று ஒரே வரி சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். மூன்றாம் நாள் வெளியே வந்து காரணம் சொன்னான். அவன் சம்பளத்துக்குக் கணினித் துப்பாக்கி ஆட்டம் ஆடிய அந்த டீமில், முதல் அணிக்காரர்களுக்கு 360 ஹெர்ட்ஸ் திரையாம். இவனைப் போன்ற மாற்று ஆட்டக்காரர்களுக்குப் பழைய 144-ஆம். "அந்த ஓட்டைத் திரையில உக்காந்து சுட்டா எவனுக்குத்தான் வேகம் வரும்?" என்றான்.

அம்மா நம்பினாள். நான் நம்பவில்லை. நம்புவது அம்மாக்களின் வேலை. அக்காக்களுக்கு வேறு வேலை இருக்கிறது.

என் வேலை எங்கள் பிசி பாங். கொரியாவின் சொங்ஜு நகரில், பல்கலைக்கழகப் பின்வாசலுக்கு எதிரே, இரண்டாவது மாடியில் நாற்பது கணினிகள். மாணவர்கள் மணிக்கணக்குக்குக் காசு கட்டி விளையாடுவார்கள், விளையாடியபடியே ரம்யொன் நூடுல்ஸ் உறிஞ்சுவார்கள். சமையலும் கல்லாவும் அம்மா கும்ரானுடையவை. கணினிகள் என்னுடையவை. அப்பா புசான் பாதையில் லாரி ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எங்களுக்குக் கிடைப்பார்.

போன மாதம் எதிர்க் கட்டடத்தில் புதிதாக ஒரு பிசி பாங் திறந்தார்கள். வாசலில் ஆள் உயரத்துக்கு 360 என்று எழுதி வைத்தார்கள். எங்கள் வாடிக்கைப் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சாலையைக் கடந்து அங்கே போனார்கள். அம்மா ஜன்னலோரம் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அதோ பாருடி, கிம்ச்சி சோத்துக்கு ரெண்டு முட்டை கேப்பானே, அவனும் போயிட்டான்."

அந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று அம்மா கேட்டபோது நான் சொன்ன விளக்கம் இது: திரை ஒரு நொடிக்கு எத்தனை தடவை புதுப் படம் காட்டுகிறது என்கிற கணக்குதான் ஹெர்ட்ஸ். கூடக் கூட, சுவர் மூலையிலிருந்து எதிரி எட்டிப் பார்ப்பது இம்மி அளவு முன்னதாகத் தெரியும். துப்பாக்கி ஆட்டத்தில் அந்த இம்மிதான் உயிர்.

ஆக, நாற்பது திரைகளையும் மாற்றியாக வேண்டும். விற்பனையாளர் நம்குங் 240, 280, 360 என மூன்று மாதிரிகளைக் கொண்டுவந்து வைத்தார். புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குத் திரும்ப எடுத்துப்போக வருவார், அதற்குள் எது என்று முடிவு சொல்ல வேண்டும்.

இன்றைக்குப் புதன்.

வெள்ளிக்கிழமை ரோவுனுக்குப் புசானில் ஓர் அணியில் சேர்வதற்கான தகுதி ஆட்டம். யோம் என்ற பயிற்சியாளர் தானே கூப்பிட்டிருந்தார். ரோவுனுக்கு வயது இருபத்தொன்று. இதுவும் கை நழுவினால், எங்கள் நாட்டில் ஆண்களுக்குக் கட்டாயமான ராணுவத்துக்குப் பெயர் கொடுக்க வேண்டியதுதான். ஒன்றரை வருஷம் முடித்துத் திரும்பும்போது இருபத்துமூன்று ஆகிவிடும். அந்த வயதில் இந்த ஆட்டத்தில் புதிதாக யாரையும் எடுக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை அவனுக்குக் கடைசி வாய்ப்பு என்று வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"எந்தத் திரைன்னு யாரைக் கேக்கறது?" என்றேன் காலையில்.

"வீட்டுலயே ஆளை வெச்சுக்கிட்டு வெளிய தேடுவாங்களா? என் புள்ளை பாத்துச் சொல்லட்டும்."

"பாக்கட்டும். ஆனா எது எந்த நம்பர்னு தெரியாம பாக்கட்டும். நம்பரைப் படிச்சுட்டு எவன் வேணா 360 தான் ஒசத்தின்னு சொல்லிடுவான்."

நான் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயத்துக்குள் கொஞ்சம் விஷமும் இருந்தது, அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது. ஐந்து வருஷத்துக்கு முன் அவன் பள்ளிக்கூடத்தை விட்டு ஆடப் போனபோது, கடையைப் பார்க்க ஆளில்லாமல் நான் என் படிப்பைப் பாதியில் விட்டேன். அவன் விளையாடினால் திறமை, நான் வேலை செய்தால் கடமை. இந்தப் பாட்டை நான் யாரிடமும் பாடியதில்லை. உள்ளுக்குள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஏழு, எட்டு, ஒன்பதாம் இருக்கைகளில் மூன்று திரைகளையும் மாட்டினேன். பெயரும் எண்ணும் இருந்த இடங்களில் வண்ணப் பொட்டு ஒட்டினேன். 360-க்குச் சிவப்பு, 240-க்கு மஞ்சள், 280-க்கு நீலம். ஒவ்வொன்றையும் அதனதன் முழு வேகத்துக்கு என் கையாலேயே மாற்றி வைத்துவிட்டு, முப்பத்தொன்றாம் இருக்கையில் சத்தம் வராத ஒரு ஹெட்போனைச் சரிசெய்யப் போனேன்.

பதினொரு மணிக்கு ரோவுன் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தான். நம்குங்கும் வந்திருந்தார், அவருக்கு அம்மாவின் ரம்யொன் என்றால் உயிர். விஷயம் கேள்விப்பட்டு ஐந்தாறு மாணவர்கள் நாற்காலிகளைத் திருப்பிக்கொண்டார்கள். இரண்டு பேர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள்.

ரோவுன் உட்கார்ந்தான். மவுஸை வட்டமாகச் சுழற்றினான், பயிற்சிக் களத்தில் சுட்டான், எழுந்து அடுத்த இருக்கைக்குப் போனான். அப்புறம் முதலாவதுக்குத் திரும்பி வந்தான். இப்படி இருபது நிமிஷம். அவன் காது மடல் சிவந்திருந்தது. கவனம் என்று நினைத்தேன்.

"என்ன அண்ணா, கண்ணாலம் பண்ற பொண்ணா? சட்டுனு சொல்லுங்க," என்றான் ஒரு மாணவன்.

"மஞ்சள்," என்றான் ரோவுன்.

"நிச்சயமா?" என்றேன்.

"இதுல என்னக்கா சந்தேகம்? வழுக்கிக்கிட்டு ஓடுது. இதுதான் 360. மத்த ரெண்டும் இழுக்குது."

நான் மஞ்சள் பொட்டை உரித்தேன்.

"240," என்று ஒரு பையன் உரக்கப் படித்தான். சிரிப்பு வெடித்தது. "அப்ப நாங்க எதிர்க்கடைக்குப் போனது வீணா ஓனரம்மா?"

அத்தோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை.

"திரையில ஒரு குறையும் இல்ல ரோவுன். கண்ணுலதான் குறை. டீம்லேருந்து உன்னை எதுக்கு அனுப்பினாங்கன்னு இப்பதான் எனக்குப் புரியுது."

"சேபின்!" என்றாள் அம்மா.

நம்குங் கிண்ணத்துக்குள் குனிந்துகொண்டார். ரோவுன் எழுந்தான். "சரிக்கா," என்றான். நாற்காலியை மேசைக்கடியில் ஒழுங்காகத் தள்ளிவிட்டு நடந்தான்.

மதியக் கூட்டம் வந்து போகட்டும் என்று அம்மா காத்திருந்தாள். அப்புறம் கல்லாவில் நின்றபடி பொரிந்தாள்.

"நாக்கா அது, அருவாளா? நாலு பேர் எதிர்ல கூடப்பொறந்தவனை அப்படியாடி அறுப்பாங்க?"

"உண்மையைத்தானே சொன்னேன்."

"உன் உண்மையை உப்புப் போட்டு வெச்சுக்கோ. போ, அந்த மஞ்சப் பொட்டையே நாப்பதும் எழுதிடு. அவனுக்கே தெரியலேன்னா படிக்கிற பசங்களுக்கு என்ன தெரியப்போவுது? இருக்கறதுல கம்மியானதை வாங்குவோம்."

ஆர்டர் தாளில் எழுத மாடல் பெயர் வேண்டும். மஞ்சள் பொட்டு இருந்த எட்டாம் இருக்கையில் உட்கார்ந்து திரை அமைப்பைத் திறந்தேன்.

144 என்று இருந்தது.

காலையில் மாற்ற மறந்துவிட்டோமோ என்று நினைத்தேன். ஏழாம் இருக்கையைத் திறந்தேன், 144. ஒன்பதாம் இருக்கையும் 144.

எங்கள் கணினிகளில் எதுவும் தங்காது. உள்ளே ஹார்ட் டிஸ்க் கிடையாது. எல்லாம் பின்னறையில் உள்ள சர்வர் என்கிற தலைமைக் கணினியிலிருந்து வருகிறது. விளையாடுகிறவன் எதை மாற்றினாலும், ஒரு தடவை ரீஸ்டார்ட் ஆனதும் சர்வர் சொன்ன பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எல்லா பிசி பாங்கிலும் இதுதான் நடைமுறை. எங்கள் பழைய திரைகள் 144. ஆகவே சர்வர், ரீஸ்டார்ட் ஆகிற ஒவ்வொரு கணினிக்கும் 144 என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. அப்படிச் சொல்லும்படி அதற்கு எழுதி வைத்ததே நான்தான். திரையை மாற்றினால் முதலில் சர்வரில் மாற்ற வேண்டும். பகுதி நேர வேலைக்கு வருகிற பையன்களுக்கெல்லாம் இதை முதல் நாளே தலையில் குட்டிச் சொல்லிக் கொடுப்பவள் நான்.

"அம்மா, காலையில ஏழு எட்டு ஒம்பதைத் தொட்டியா?"

"தொடாம? தொடைச்சேன், ரீஸ்டார்ட் போட்டேன். பதினாறு வருஷமா ஆள் உக்கார்றதுக்கு முன்னாடி அதைத்தானே செய்யறேன். ஏன், அழுக்கு இருந்துதா?"

"அழுக்கெல்லாம் இல்லம்மா. மூணு திரையும் ஒரே வேகத்துலதான் ஓடியிருக்கு. மூணும் நம்ம பழைய 144."

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அப்ப வழுக்கிக்கிட்டு ஓடுதுன்னு சொன்னானே? பொய்யா?"

எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. மாட்டினான் பார், கதை அளந்திருக்கிறான் என்று ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது. வெட்கத்தைவிட்டு ஒப்புக்கொள்கிறேன். அப்புறம்தான் அந்த இருபது நிமிஷம் நினைவுக்கு வந்தது. திரும்பத் திரும்ப எழுந்து மாறி மாறி உட்கார்ந்தானே, காது சிவந்ததே. வித்தியாசம் தெரிகிறவன் எதற்கு அப்படித் தவிக்கப் போகிறான்?

"மூணும் ஒண்ணாத்தான் தெரிஞ்சிருக்கும்மா அவனுக்கு. அதுதான் சரி. அவன் கண்ணு சரியாப் பாத்திருக்கு. எங்க அவன்?"

"அடுப்படியிலதான். மதியத்துலேருந்து அவன்தான் வதக்கறான். 'இனிமே நான் பாத்துக்கறேம்மா'ன்னு என் ஏப்ரனை வாங்கிக் கட்டிக்கிட்டான். புள்ளை ஒத்தாசை பண்றானேன்னு நான் குளுந்து போயிட்டேன்." சொல்லும்போதே அம்மாவின் குரல் தேய்ந்தது. "இனிமேன்னு சொன்னான்டி."

அடுப்படியில் ரோவுன் வாணலியில் கிம்ச்சி சோற்றைப் புரட்டிக்கொண்டிருந்தான். நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

"இருபத்துமூணாம் நம்பருக்கு முட்டை அரை வேக்காடா, முழுசாக்கா? எழுதல அவன்."

"ரோவுன், ஒரு விஷயம்..."

"யோம் சாருக்கு மெசேஜ் போட்டுட்டேன். வெள்ளிக்கிழமை வரலேன்னு. நாளைக்கு ராணுவத்துக்கும் பேர் குடுத்துடறேன். நீ மறுபடி ஆரம்பிக்காதே."

"எப்போ போட்ட?"

"பன்னண்டரைக்கு."

அடுப்பை அணைத்தேன், பிறகு சொன்னேன். சர்வர், ரீஸ்டார்ட், அம்மாவின் துணி, என் மறதி எல்லாவற்றையும் சொன்னேன்.

"144-ஆ?"

"144."

"மூணும்?"

"மூணும்."

சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்தது. கையில் எண்ணெய், அதனால் முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

"ஒரே மாதிரிதான்க்கா தெரிஞ்சுது. மாத்தி மாத்திப் பாக்கறேன், ஒரு துளி வித்தியாசம் இல்ல. சரி, கண்ணும் போச்சுன்னு நெனச்சேன். கையெல்லாம் ஜில்லுன்னு ஆயிடுச்சு."

"மூணும் ஒண்ணுதான்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா! அப்பவே திறந்து பாத்திருப்பேனே!"

"எப்படிக்கா சொல்றது? நீ நிக்கிற, அம்மா நிக்கிறா, அந்தப் பசங்க போனைத் தூக்கிட்டு நிக்கிறானுங்க. ஒண்ணும் தெரியலேன்னு சொன்னா உங்க எல்லாருக்கும் தெரிஞ்சுடும். ஏதாவது ஒண்ணைச் சொன்னா மூணுல ஒரு பங்காவது தப்பிக்கலாம்."

"நான் அந்தப் பேச்சு பேசியிருக்கக் கூடாதுடா. மன்னிச்சுடு."

"நீ சொன்னதுல பாதி உண்மைதான்." முழங்கையை இறக்கினான். "அந்த 360 கதை பொய்க்கா. அங்க எல்லாருக்கும் ஒரே திரைதான். முதல் டீம், ரெண்டாவது டீம்னு ஒரு பாகுபாடும் இல்ல."

வாசலில் அம்மா நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியாது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"வா," என்றேன் அவனிடம். "திரும்பப் பாக்கலாம். இந்தத் தடவை ஒழுங்கா வெக்கறேன்."

"வேணாம்."

"ஏன்டா?"

"இப்ப மனசுல கொஞ்சூண்டு தெம்பு இருக்கு. கண்ணு சரியாத்தான் இருந்திருக்குன்னு. நெஜமாவே வெச்சுப் பாத்து, அப்பவும் தெரியலேன்னா? இதுவும் போயிடும்க்கா."

அந்தப் பயம் எனக்குத் தெரிந்த பயம். விட்ட படிப்பைத் தொடரக் கேட்டிருந்ததற்குக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தபோது நானும் உறையைப் பிரிக்காமலே வைத்திருந்தேன்.

அம்மா வந்து அவன் இடுப்பிலிருந்து ஏப்ரனை அவிழ்த்தாள். "இருபத்துமூணுக்கு அரை வேக்காடு. அவன் எப்பவும் அதான் தின்பான். நீ போய் உக்காரு. தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லேன், யாரு உன் தலையை வாங்கப் போறா?"

சிவப்புப் பொட்டு வைத்த 360 திரை ஒன்று மட்டும் போதும் என்று முடிவு செய்தேன். அதையே எந்த வேகத்துக்கும் இறக்கலாம். அவன் சுவரைப் பார்த்து நிற்பான், நான் ஒரு வேகத்தில் வைப்பேன், அவன் திரும்பி உட்கார்ந்து சொல்வான். கூட்டம் இல்லை, போன் இல்லை. மொத்தம் ஐந்து தடவை.

முதல் தடவை மவுஸை இரண்டு சுற்றுச் சுற்றினான். "360."

சரி.

"இது நம்ம பழசு. 144. தூக்கத்துலகூடச் சொல்லுவேன்."

சரி.

"240."

அதுவும் சரிதான்.

நான்காவது தடவை 300-இல் வைத்தேன். வெகு நேரம் சுட்டான். கழுத்தைச் சாய்த்துப் பார்த்தான்.

"தெரியலக்கா," என்றான். "144 இல்ல. அதுக்கு மேல எதுன்னு பிடிபடல. தெரியல."

அவன் காது சிவக்கவில்லை. ஐந்தாவதையும் சரியாகச் சொன்னான். சரியாகச் சொன்ன நாலும் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் நான் அழுதது அந்தத் 'தெரியல'வுக்காக. காலையில் அந்த ஒரு சொல்லைச் சொல்ல முடியாதபடி அவனைச் சுற்றி ஆளைக் கூட்டி வைத்தது நான்.

"எதுக்குக்கா இப்ப மூக்கை உறிஞ்சற? நாலு சரி!" என்று அவன் என் தோளில் இடித்தான். அப்படியே பையிலிருந்து போனை எடுத்தான். முகம் மாறியது. என் பக்கம் நீட்டினான்.

யோம் மதியமே பதில் அனுப்பியிருந்தார். *சரி. உன் இடத்தைக் காத்திருப்பில் உள்ள பையனுக்குக் கொடுக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.*

"பரவால்லக்கா," என்றான்.

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். 'பரவால்ல' என்றதைத் தாங்க முடியவில்லை. அவன் போனிலிருந்தே யோமைக் கூப்பிட்டேன். ஆட்டக்காரர்களுக்காக வீட்டுப் பெண்கள் பயிற்சியாளரிடம் பேசினால் அந்தப் பையனைக் காலமெல்லாம் கேலி செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். ரோவுன் பிடுங்க வந்தான். நான் மேசைக்கு அந்தப் பக்கம் ஓடினேன்.

"சார், நான் ரோவுனோட அக்கா பேசறேன். இன்னிக்கு இங்க ஒரு தப்பு நடந்துபோச்சு. தப்பு என்னோடது..."

மூச்சுவிடாமல் கொட்டினேன். அவர் குறுக்கிடவில்லை.

"முடிச்சிட்டீங்களா?" என்றார் கடைசியில்.

"முடிச்சிட்டேன் சார்."

"அவருக்கு வாய் இல்லையா? போனை அவர்கிட்ட குடுங்க."

அப்போது நம்குங் படியேறி வந்தார், ஐந்து மணி. "ஓனரம்மா, எதுன்னு முடிவாச்சா? வண்டி கீழ நிக்குது."

"வண்டி நிக்கட்டும், நீங்களும் நில்லுங்க," என்றாள் அம்மா. கரண்டியோடு கல்லா ஓரம் வந்து நின்றாள்.

ரோவுன் போனை வாங்கி மேசைமேல் வைத்தான். ஸ்பீக்கரைப் போட்டது தெரிந்து செய்ததா, கை தவறியா, எனக்குத் தெரியவில்லை. யோம் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"வெள்ளிக்கிழமை வரலேன்னு போட்டிருந்தீங்க. காரணம் போடல. உங்க அக்கா திரைங்கறாங்க. பழைய டீமை விட்டு வந்தப்பவும் திரைன்னு நீங்க சொன்னதாக் கேள்வி. எல்லாத்துக்கும் திரைதானா?"

ரோவுன் அம்மாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நம்குங்கும், சோற்றுக்குக் காத்திருந்த இருபத்துமூன்றாம் நம்பர் பையனும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல சார்," என்றான். "பயம்."

போனின் அந்தப் பக்கம் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"எதைப் பாத்து?"

எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொள்வான், போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. ஏழாம் இருக்கையின் நாற்காலியை இழுத்து எங்கள் எதிரிலேயே உட்கார்ந்தான்.

"போன மார்ச் மாசம் ஒரு ஆட்டம் சார். அதுலேருந்துதான் இந்தப் பயம். அதுல நான் செஞ்சதை எங்க வீட்டுலகூட இன்னும் சொல்லல," என்று ஆரம்பித்தான்.